கோட்டுக்குத் திரும்பியவன்

ஜூன் 10, செவ்வாய்

முற்பகலில் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். இடது கன்ன எலும்பில் விரிசல். எலும்பு இடம் விட்டு நகரவில்லை, அறுவை வேண்டாம் என்றார் டாக்டர். கண்ணுக்குக் கீழிருந்து மேலுதடு வரை மரத்துக் கிடக்கிறது. அந்த வழியாகப் போகும் நரம்பு நசுங்கியிருக்கிறதாம். எப்போது சரியாகும் என்று கேட்டேன்.

"சில பேருக்கு மாசக்கணக்கு ஆகும் சார். சில பேருக்குக் கொஞ்சம் அப்படியே நின்னுரும்" என்றார்.

மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்துகொண்டு தும்ம வேண்டும். மெல்லும்படி எதுவும் சாப்பிடக் கூடாது. என் மனைவி வடிவு இட்லியை ரசத்தில் கரைத்துக் கொடுத்தாள். உதட்டோரம் வழிந்தது எனக்குத் தெரியவில்லை. அவள் துண்டை நீட்டிய பிறகுதான் சட்டையைப் பார்த்தேன்.

நடந்ததைக் குழப்பம் வராமல் எழுதி வைக்கிறேன். ஞாயிறு காலை கராத்தே வகுப்பு முடிந்து நானும் மகள் அமுதினியும் ஸ்கூட்டரில் வீடு திரும்பினோம். எதிர்வீட்டு ஆசீர் வழக்கம்போலத் தன் காரை எங்கள் கேட்டை அடைத்து நிறுத்தியிருந்தான். ஒன்பது வருஷமாக இதே கதை. எடுக்கச் சொன்னேன். வாய்த்தகராறு ஆனது. கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறவன் தெருவில் நின்று கத்தக் கூடாது என்று நான் திரும்பி நடந்தேன். அவன் ஸ்கூட்டர் இருக்கை மேலிருந்த என் ஹெல்மெட்டை எடுத்துப் பின்னாலிருந்து அடித்தான்.

அவனுக்கு ஐம்பத்தாறு வயது. காப்பீட்டு முகவர். சர்க்கரை வியாதி. தொப்பை. மாடிப்படி ஏறினால் நடுவில் நின்று மூச்சு வாங்குகிறவன்.

நான் பிளாக் பெல்ட், அதிலும் மூன்றாம் டான் தகுதி.

வலது கை விரல் முட்டிகளும் வீங்கியிருக்கின்றன. விழுந்தபோது ஊன்றியிருப்பேன்.


ஜூன் 11, புதன்

எஸ்.ஐ. வீட்டுக்கே வந்தார். கல்லூரி ஆசிரியர் என்பதால் அந்த மரியாதை. வடிவு காபி கொடுத்தாள். என் மனுவை மடியில் வைத்துக்கொண்டு ஒருமுறை படித்தார்.

"பின்னால இருந்து அடிச்சாருன்னு எழுதியிருக்கீங்க. அடி கன்னத்துல இருக்கே சார்?"

"பொண்ணு 'அப்பா'ன்னு கத்துனா. சத்தம் கேட்டுத் திரும்புனேன்."

அவர் அமுதினியைப் பார்த்தார். அவள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

"ஆமா, கத்துனேன்" என்றாள்.

"முழுசும் பாத்தியாம்மா?"

"பாத்தேன்."

"அப்போ ஸ்டேஷன்ல வந்து ஒரு வாக்குமூலம் குடுக்கணும். அவசரமில்ல, அப்பா கொஞ்சம் தேறட்டும்."

முனை வீட்டு வாசலில் கேமரா இருக்கிறதே என்று அவரே போய் விசாரித்தார். அது திருடனைப் பயமுறுத்த மாட்டிய வெறும் கூடு. உள்ளே ஒன்றும் இல்லையாம். ஆசீரின் மனைவி ராஜம் அந்த நேரத்தில் வீட்டுக்குள் இருந்திருக்கிறாள். ஆக, பார்த்தது அமுதினி மட்டும்தான்.


ஜூன் 12, வியாழன்

சவரம் செய்தேன். வேறு ஒருவன் முகத்தைச் சவரம் செய்வதுபோல இருந்தது. கண்ணாடியில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் வெட்டியது தெரிந்தது.

துவையல் கேட்டேன். காரம் கூடாது என்றாள் வடிவு.


ஜூன் 14, சனி

மாலையில் நம்பிராஜனும் ஹமீதாவும் வந்தார்கள். நம்பிராஜன் மின்வாரியத்தில் இருக்கிறான். பதினைந்து வருஷமாக என்னிடம் கராத்தே பயில்கிறவன். நான் இல்லாதபோது வகுப்பை அவன்தான் நடத்துகிறான். ஹமீதா மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். பெண்கள் வகுப்பில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஆப்பிள் வாங்கி வந்திருந்தார்கள். என்னால் ஆப்பிள் கடிக்க முடியாது.

"எப்படி சென்செய்? உங்களைப் போயி…" என்று நம்பிராஜன் இழுத்தான்.

"பின்னாலிருந்து" என்றேன்.

அவன் முகம் தெளிந்துவிட்டது. வரும் வழியெல்லாம் இதைத்தான் கவலைப்பட்டிருப்பான்போல. "அதான! நான் அப்பவே எல்லார்ட்டயும் சொன்னேன், பின்னால இருந்துதான் அடிச்சிருப்பான்னு. முன்னால நிக்க முடியுமா அவனால?"

ஹமீதா மட்டும் சும்மா இருக்கவில்லை. "எங்களைப் பின்னால இருந்துதானே சார் யாரும் வந்து பிடிப்பாங்க? முன்னால நின்னு வணக்கம் சொல்லிட்டா வருவாங்க?" என்றாள்.

"தலை தெளியட்டும், சொல்கிறேன்" என்றேன். அமுதினி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மாவட்டக் கராத்தே சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் செயலாளர் பெலிக்ஸ் ரோஜாப் படம் போட்டு, விரைவில் நலம் பெறுக என்று எழுதியிருக்கிறான். இரண்டு முறை என் நான்காம் டான் தேர்வை நிறுத்திவைத்தவன். என்னிடம் ஆரம்பப் பாடம் படித்த ஒருவனுக்கு அதைக் கொடுத்தவன். அந்த ரோஜாவுக்குக் கீழே முப்பது பேர் கைகூப்பியிருந்தார்கள். எத்தனை பேர் சிரித்துக்கொண்டே கூப்பினார்கள் என்று தெரியாது.


ஜூன் 16, திங்கள்

கல்லூரி திறந்துவிட்டது. எனக்கு மருத்துவ விடுப்பு.

எஸ்.ஐ. போனில் சொன்னார். ஆசீரும் எதிர்மனு கொடுத்திருக்கிறான். எக்ஸ்ரே வைத்திருக்கிறான். வலது பக்க விலா எலும்பு இரண்டில் விரிசல். நான்தான் முதலில் அடித்தேன் என்கிறானாம்.

வடிவு பட்டாணி உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும், "விலா எலும்புல விரிசல் எப்படிங்க வரும்? காத்து அடிச்சா?" என்றாள்.

"கைகலப்பில் எதுவும் நடக்கலாம்."

"கைகலப்பா? நீங்க திரும்பி நடந்துட்டேன்னுல்லா சொன்னீங்க."

என் வலது கையைப் பார்த்தாள். வீக்கம் வடிந்து முட்டிகள் மஞ்சளாகியிருந்தன. பட்டாணியில் புழு என்றாள்.


ஜூன் 17, செவ்வாய்

தூக்கம் சரியில்லை. பகலில் உட்கார்ந்து யோசித்தேன். நிஜச் சண்டையைப் பற்றி ஒழுங்காக எழுதிய ஆளை நான் பார்த்ததில்லை. எழுதுகிறவர்கள் அடி வாங்காதவர்கள், அல்லது அடி வாங்கியதை ஒப்புக்கொள்ளாதவர்கள்.

எங்கள் பயிற்சிக் கூடத்தில் தரை சமம். தெருவில் ஜல்லி. காலில் ரப்பர் செருப்பு. நான் திரும்பினால் பாதம் செருப்புக்குள் திரும்பியது, செருப்பு அப்படியே கிடந்தது. யாரும் 'தொடங்கு' என்று சொல்லவில்லை. எதிரே நிற்கிறவன் வாய் ஓயாமல் பேசினான். பயிற்சியில் யாரும் பேசுவதில்லை, ஆகவே பேசுகிற வாயைப் பார்த்துக்கொண்டு கையையும் கவனிப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. அவனுக்கு நிற்கும் முறை என்று ஒன்று கிடையாது. உடம்பின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று பார்த்தேன். எந்தக் காலிலும் இல்லை, தொப்பையில் இருந்தது. சட்டைப் பையில் பேனா. வாயில் வெற்றிலை இல்லை, ஏலக்காய் வாடை. இதெல்லாம் ஏன் எனக்குத் தெரிய வேண்டும்? பிறகு காது அடைத்துக்கொண்டது. தெருவின் இரண்டு ஓரங்களும் காணாமல் போயின. நடுவில் ஒரு சட்டை மட்டும் இருந்தது.

கூடத்தில் நாம் கேட்கும் சத்தம் துணியின் சத்தம். சீருடையை விறைப்பாகத் தைப்பதே அதற்காகத்தான். எலும்பின் மேல் படும்போது அப்படிச் சத்தம் வருவதில்லை. சின்னதாக ஒன்று கேட்கும், அவ்வளவுதான். கை வலிக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் யாருக்கும் சொன்னதில்லை.

தொட்டவுடன் நிறுத்துவது எங்கள் கட்டுப்பாடு. அன்று நிறுத்தினேனா என்று நினைவில்லை. ஒரு கை என் முகத்தை நோக்கி வந்தது. அதற்கான பதில்தான் அது. தற்காப்பு.

போட்டியில் புள்ளி போனால், போனவனுக்கும் அது தெரியும். அவன் தோளைத் தொங்கப்போடுவான், தரையில் தனக்குப் போட்ட கோட்டுக்குத் திரும்பிப் போவான், நானும் என் கோட்டுக்குப் போவேன், நடுவர் கை தூக்குவார். அதற்குப் பிறகு அடிப்பது குற்றம். முப்பது வருஷம் இந்த ஒழுங்கில் வாழ்ந்தவர்கள் நாங்கள். ஆசீருக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. தான் தோற்றுவிட்டது அவனுக்குத் தெரியவில்லை.


ஜூன் 19, வியாழன்

கல்லூரி முதல்வர் போனில் பேசினார். உடம்பு எப்படி என்று கேட்டுவிட்டு, "நம்ம பேரு எஃப்.ஐ.ஆர். வரைக்கும் போகாமப் பாத்துக்கோங்க உலகநாதன். நிர்வாகத்துல என்ன சொல்வாங்கன்னு உங்களுக்கே தெரியும்" என்றார். எனக்குத் தெரியும். என் மனு நின்றால் வழக்கு ஆசீர் மேல். அவன் மனு நின்றால் வழக்கு என் மேல், பொய்ப் புகார் கொடுத்தேன் என்பதும் சேரும். இடைநீக்கம். ஓய்வுக்கு ஆறு வருஷம் இருக்கும்போது.

புதன்கிழமை காலை இரண்டு தரப்பையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். பொண்ணு சொல்வதை வைத்து முடிவு செய்வேன் என்று எஸ்.ஐ. சொல்லிவிட்டார்.

அமுதினிக்கு வயது இருபத்திமூன்று. சென்னையில் வேலை கிடைத்திருக்கிறது, ஜூலையில் சேர வேண்டும். அவள் எட்டு வயதிலிருந்து என் வகுப்பில் இருக்கிறாள். பிளாக் பெல்ட். இரவு வேலை என்றபோது வடிவுதான் பயந்தாள். எனக்குப் பயமில்லை என்று அப்போது சொன்னேன்.

இரண்டு நாளாக அவள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. மாத்திரை எடுத்துத் தருகிறாள், தண்ணீர் தருகிறாள்.


ஜூன் 20, வெள்ளி

கொசுவலை கிழிந்திருந்தது. தைத்தேன்.


ஜூன் 22, ஞாயிறு

வகுப்புக்குப் போனேன். ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். நம்பிராஜன் நடத்தினான். எல்லாரும் வந்து குனிந்து வணங்கினார்கள், என் முகத்தைப் பார்க்காமல்.

முடிந்து எல்லாரும் போன பிறகு அமுதினி கூடத்தின் கதவைச் சாத்தினாள்.

"ப்பா, ஒரு நிமிஷம் இங்க வந்து நில்லுங்க."

"என்ன?"

"நான்தான் ஆசீர் அங்கிள். நீங்க நீங்கதான்."

"விளையாடாதே."

"விளையாடல. எஸ்.ஐ. கேட்டா வரிசையாச் சொல்லணும்லா. ஞாபகம் சரியா இருக்கான்னு பாக்கேன்."

சீருடையின் நாடாவை இறுக்கிக்கொண்டு எனக்கு எதிரே வந்து நின்றாள். வயிற்றைத் தள்ளி நின்றாள். ஆசீர் நிற்பதுபோலவே இருந்தது. இவளுக்கு இப்படிச் செய்ய வரும் என்று எனக்குத் தெரியாது.

"'எடுக்கேன் சார், எடுக்கேன். சும்மா சத்தம் போடாதீங்க. எனக்கு மூச்சு வாங்குது. இந்தா, வேணும்னா நீங்களே எடுத்து அந்தாக்குல ஓரமா விடுங்க.'"

சொல்லிக்கொண்டே ஸ்கூட்டர் சாவியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

என் இடது கால் முன்னே போனது. வலது கை அவள் விலாவுக்கு ஓர் அங்குலம் முன்னால் போய் நின்றது. தொண்டையிலிருந்து சத்தமும் வந்தது. நான் எதையும் செய்யவில்லை, அது நடந்தது.

"அப்படியே இருங்க" என்றாள் பின்னாலிருந்து.

பின்னாலிருந்துதான். நான் அதற்குள் திரும்பி நடந்து வெள்ளைக் கோட்டின் மேல் நின்றிருந்தேன். குதிகால் இரண்டும் சேர்ந்திருந்தன. கைகள் தொடையோரம் இருந்தன. அவள் பக்கம் என் முதுகு.

"இதான்ப்பா. இப்படித்தான் போனீங்க. அங்க கோடே கிடையாது. ஆனாலும் போயி, கேட்டுக்கு முன்னால காலைச் சேத்து வச்சு நின்னீங்க. அங்கிள் ஜல்லி மேல உக்காந்துட்டாரு. வாயைத் தொறந்துக்கிட்டு மூச்சு வராமத் தவிச்சாரு. நீங்க திரும்பிக்கூடப் பாக்கல. அப்புறந்தான் அவரு எந்திரிச்சு ஹெல்மெட்டை எடுத்தாரு. நடுவர் வருவாருன்னு நின்னீங்களாப்பா?"

"கை வந்தது" என்றேன்.

"சாவிப்பா."

"முகத்துக்கு நேரே வருகிற கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது."

"அதைத்தான் சொல்லுதேன். எனக்கும் நீங்க சொல்லிக் குடுத்ததுதானே இருக்கு. நாளைக்கு எவனாவது வழி கேக்கக் கையை நீட்டினா அவனை அடிப்பேன். நெசமாவே வந்தவனை ஒரு அடி அடிச்சிட்டு, முதுகைக் காட்டிட்டு நிப்பேன்."

கதவைத் திறந்துவிட்டாள். வெளியே வெயில்.

அவள் நின்ற இடத்திலிருந்து அப்படித் தெரிந்திருக்கலாம். ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருந்தவள். கோணம் வேறு. ஒரே சண்டையை நான்கு மூலை நடுவர்களும் நான்கு விதமாகப் பார்ப்பதை நான் எத்தனையோ போட்டிகளில் கண்டிருக்கிறேன்.


ஜூன் 23, திங்கள்

வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். மரத்த இடத்தில் வேண்டாம், சூடு தெரியாமல் தோல் வெந்துபோகும் என்றார்.


ஜூன் 24, செவ்வாய்

மாலையில் அமுதினி மாடிக்கு வந்தாள். துணி எடுக்க வந்தவள், எடுத்துவிட்டு நின்றாள்.

"நாளைக்கு நான் என்ன சொல்லட்டும்?"

"நீ பார்த்ததைச் சொல்."

"பாத்ததைச் சொன்னா என்ன ஆகும்?"

விளக்கினேன். முதல்வர் சொன்னது, நிர்வாகம், இடைநீக்கம், விசாரணைக் குழு, அந்தக் குழுவில் யார் யார் உட்காருவார்கள், அவர்களில் எத்தனை பேர் எனக்கு வேண்டாதவர்கள். பெலிக்ஸ் சங்கத்திலிருந்து என் பெயரை நீக்குவான் என்பது. வகுப்பு நடக்கிற பள்ளிக்கூடம் கூடத்தைத் தராது என்பது. அவள் அம்மாவின் மூட்டு அறுவையை டிசம்பருக்குத் திட்டமிட்டிருப்பது. எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். பெரிய பெண், அவளுக்குத் தெரிய வேண்டியதுதான். முடிவை அவளிடமே விட்டுவிட்டேன். இப்படிச் சொல் என்றோ, அப்படிச் சொல் என்றோ நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

எல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ நீங்க வாயால கேக்க மாட்டீங்க" என்றாள்.

"எதை?"

"ஒண்ணுமில்ல. பனி விழுது, உள்ள வாங்க."

பனி ஒன்றும் விழவில்லை. ஜூன் மாதம்.


ஜூன் 25, புதன்

ஸ்டேஷனில் பத்தரை மணிக்கு.

ஆசீர் ஏற்கெனவே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். நெஞ்சைச் சுற்றிப் பட்டை போட்டிருந்ததால் சட்டை உப்பியிருந்தது. பக்கத்தில் ராஜம். பதினேழு நாளில் அவனை முதல்முறையாகப் பார்க்கிறேன். இளைத்திருந்தான். என்னைப் பார்த்து எழுந்திருக்கப் போனான், வலியில் மறுபடி உட்கார்ந்துவிட்டான். ஏன் எழுந்திருக்க முயன்றான் என்று தெரியவில்லை. பழக்கமாக இருக்கும்.

எஸ்.ஐ. அமுதினியை முன்னால் உட்கார வைத்தார்.

"பயப்படாமச் சொல்லும்மா. பாத்தது மட்டும்."

அவள் முதுகை நேராக வைத்து உட்கார்ந்தாள். கை இரண்டும் மடியில். சொன்னாள். கார் கேட்டை அடைத்து நின்றது. அப்பா எடுக்கச் சொன்னார். அங்கிள் கத்தினார். அப்பா ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடந்தார். அங்கிள் ஹெல்மெட்டை எடுத்தார். நான் கத்தினேன். அப்பா திரும்பினார். கன்னத்தில் அடி விழுந்தது.

என் மனுவில் இருந்த அதே வரிசை. எங்கும் தடுக்கவில்லை. குரலும் ஏறவில்லை, இறங்கவில்லை.

"அவருக்கு விலா எலும்புல அடி எப்படிம்மா பட்டுது?"

இந்தக் கேள்வியை நான் யோசித்து வைக்கவில்லை. என் மனுவில் அதற்குப் பதில் இல்லை. அவளிடமும் பேசியதில்லை.

"ஹெல்மெட்டை வீசுன வேகத்துல அவரே தடுமாறி ஸ்கூட்டர் கைப்பிடி மேல விழுந்தாரு சார். வலது பக்கமா."

எஸ்.ஐ. எழுதினார்.

ராஜம் எழுந்துவிட்டாள். "ஏ பிள்ளை! என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. பன்னெண்டாங்கிளாஸ் பரீட்சை அன்னிக்கு உங்க அப்பா ஊர்ல இல்லாதப்போ வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னு அழுதுக்கிட்டு நின்னியே, உன்னைய அந்தக் கார்ல கொண்டுபோயி விட்டது யாரு? சொல்லு!"

அமுதினி அவள் முகத்தைப் பார்த்தாள். "அங்கிள்தான்" என்றாள். "அது வேற, ஆன்ட்டி."

அவன் கொண்டுபோய் விட்டது எனக்குத் தெரியாது. எனக்கு யாரும் சொன்னதில்லை.

"ராஜம், உக்காரு" என்றான் ஆசீர். மெதுவாகத்தான் பேச முடிந்தது அவனால். "பிள்ளைய ஒண்ணும் சொல்லாத. சார், அந்தப் பிள்ளை சொன்னபடியே இருக்கட்டும். நான் மனுவை வாபஸ் வாங்கிக்கிடுதேன். அவளை இதுல மேலயும் கோர்ட்டு அது இதுன்னு இழுக்க வேண்டாம். சின்னப் பிள்ளை, வேலைக்குப் போகப் போறா."

மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தான். இனி என் கேட்டுக்கு முன்னால் வண்டி நிறுத்த மாட்டேன் என்றும் எழுதினான். நானும் நடவடிக்கை வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டேன். எஸ்.ஐ. என் கையைக் குலுக்கினார். "பெருந்தன்மை சார் உங்களுக்கு" என்றார்.

திரும்பும்போது ஸ்கூட்டரை அவள் ஓட்டினாள். முருகன்குறிச்சி சிக்னலில் நின்றோம்.

"அந்த ஸ்கூட்டர் கைப்பிடி…" என்று ஆரம்பித்தேன்.

"பச்சை விழுந்துட்டு" என்றாள்.


ஜூன் 26, வியாழன்

ஆசீர் காரை அடுத்த தெருவில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்துகிறான். அங்கிருந்து நடந்து வருகிறான். நடுவில் நின்று மூச்சு வாங்குகிறான். மாடியிலிருந்து தெரிகிறது.

முதல்வரிடம் சொன்னேன். சந்தோஷம் என்றார்.

வடிவு யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ராஜம் வாசலில் நிற்கும் நேரத்தில் இவள் கோலம் போடப் போவதில்லை, அவ்வளவுதான்.


ஜூன் 30, திங்கள்

கல்லூரிக்குப் போனேன். இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு வேரின் உள்ளமைப்பு. ஒரு மணி நேரம் பேசினேன். பேசும்போது உதடு கோணுகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. அவர்களும் சிரிக்கவில்லை.

வீட்டில் அமுதினி பெட்டி அடுக்குகிறாள். சீருடையை எடுத்து வைக்கவில்லை. சென்னையில் வகுப்பில் சேர வேண்டாமா என்று கேட்டேன்.

"பாக்கலாம்ப்பா" என்றாள்.


ஜூலை 3, வியாழன்

டாக்டர் பஞ்சால் தொட்டுப் பார்த்தார். குண்டூசியால் குத்திப் பார்த்தார். எங்கே தொடுகிறேன் சொல்லுங்கள் என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டு ஊகித்துச் சொன்னேன். சில சரியாக இருந்தன. முன்னேற்றம் என்று எழுதிக்கொண்டார்.


ஜூலை 6, ஞாயிறு

காலை வகுப்பை நானே எடுத்தேன். அமுதினிக்கு இன்று மாலை ரயில். வர மாட்டாள் என்று நினைத்தேன், வந்தாள். சீருடை போடவில்லை. சுடிதாரில் வந்து சுவரோரம் உட்கார்ந்தாள்.

கூட்டம் அதிகம். ஸ்டேஷனில் நடந்தது எல்லாருக்கும் எட்டியிருக்கிறது. ஆசீர் மன்னிப்புக் கேட்டது, நான் மன்னித்தது. நம்பிராஜன் பரப்பியிருக்கிறான். இரண்டு பேர் காலில் விழ வந்தார்கள். தடுத்தேன்.

பயிற்சி முடிந்து வட்டமாக உட்கார வைத்தேன். சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றேன். ஹமீதா கையைத் தூக்கினாள்.

"சார், அன்னிக்குக் கேட்டேனே. பின்னால இருந்து வர்றவனை என்ன செய்யணும்? உங்க விஷயத்துல என்ன நடந்துச்சுன்னு சொன்னா எங்களுக்கும் பாடமா இருக்கும்."

நான் தொண்டையைச் செருமினேன்.

"அமுதினி பாத்தவ. அவ சொல்லட்டும் சார்" என்றான் நம்பிராஜன். எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"சொல்லட்டுமாப்பா?"

"சொல்."

எழுந்து வந்து வட்டத்துக்கு நடுவில் நின்றாள். நம்பிராஜனைப் பிடித்து ஆசீராக நிற்க வைத்தாள். அவனுக்கு ஆறடி உயரம். தானே நானாக நின்றாள். சொன்னாள். கார் நின்றதையும், கத்தியதையும், நான் பொறுமையாகத் திரும்பியதையும் நடந்து காட்டினாள். பின்னால் காலடிச் சத்தம் கேட்டதாம். நான் திரும்பாமலேயே ஒரு பக்கம் சாய்ந்தேனாம். அதனால்தான் பின்மண்டையில் விழ வேண்டியது கன்னத்தில் விழுந்ததாம். இல்லாவிட்டால் உயிர் போயிருக்குமாம். ஸ்டேஷனில் இது எதுவும் இல்லை. அவள் கத்தியதையும் இன்று சொல்லவில்லை. ஹமீதா வாயில் கை வைத்திருந்தாள்.

நான் நிறுத்தியிருக்கலாம். நேரமாகிவிட்டது என்றாவது சொல்லியிருக்கலாம். கேட்டுக்கொண்டிருந்தேன்.

"முன்னால வந்திருந்தா?" என்று யாரோ கேட்டார்கள்.

"முன்னால வந்திருந்தா, அப்பா ஒரே அடி" என்றாள். "இந்த இடத்துல. விலா எலும்பு ரெண்டு போயிருக்கும். அவரு அப்படியே தரையில உக்காந்து, வாயைத் தொறந்துக்கிட்டு, மூச்சு வராமத் தவிச்சிருப்பாரு. அப்பா திரும்பிக்கூடப் பாத்திருக்க மாட்டாங்க."

நம்பிராஜனின் விலாவில் விரலை வைத்துக்கொண்டுதான் சொன்னாள். பார்த்தது என்னை.

நம்பிராஜன்தான் முதலில் கை தட்டினான். பிறகு எல்லாரும் தட்டினார்கள். அவளும் தட்டினாள். மற்றவர்கள் ஓய்ந்து பாய்களைச் சுருட்ட எழுந்த பிறகும், நின்ற இடத்திலேயே நின்று, என்னைப் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள்.